அதிகாரியின் பச்சை மை

திருச்சானூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். போன வருடம் சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, மையிலுள்ள நிறங்களைப் பிரிக்கும் சோதனையை எட்டாம் வகுப்புக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வடிதாள் பட்டையில் மைப் புள்ளி வைத்து, அடி நுனியை மட்டும் தண்ணீரில் நனைக்க வேண்டும். தண்ணீர் மேலே ஏற ஏற நிறங்கள் தனித்தனியாகப் பிரியும்.

கறுப்பு மை நீலமும் சிவப்புமாகப் பிரிந்ததும் அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டினார்.

"இத்தப் போட்டுப் பாருங்க மேடம். ஒரிஜினல் பச்சை. எங்கள மாதிரி கெஜட்டட் ஆபீசருங்கதான் இதுல கையெழுத்துப் போடுவோம்."

போட்டேன். ஐந்து நிமிடத்தில் பட்டையில் மஞ்சளும் நீலமும்தான் இருந்தன.

"சாரோட பச்சை டூப்பு மிஸ்!" என்று முன்வரிசைச் சிறுமி கத்தினாள். வகுப்பே கைதட்டியது. அதிகாரியின் முகம் தொங்கிப்போயிற்று.

பச்சை மையே மஞ்சளும் நீலமும் கலந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைமையாசிரியர் முந்திக்கொண்டார்.

"மையில ஒண்ணும் இல்ல சார். எங்க கொழாத் தண்ணிதான் சரியில்ல."

"அதான பார்த்தேன்! இந்தத் தண்ணியையா பசங்க குடிச்சிக்கினு இருக்காங்க?" என்று அதிகாரி அதிர்ந்தார். அறிக்கையில் அதையே எழுதினார்.

மூன்று வருடமாக நாங்கள் மனுப் போட்டும் வராத குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் அடுத்த மாதமே வந்து இறங்கியது. அறிவியல் டீச்சரான நான்தான் வெட்கமில்லாமல் முதல் டம்ளர் பிடித்துக் குடித்தேன்.