செவப்பிக்கு வந்த காப்பித்தூள் மாப்பிள்ளை

விலங்குக் காட்சிச்சாலையில் அவளை எல்லோரும் ‘உஷ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாம்புக்கூடத்துக் கண்ணாடியை யாராவது தட்டினால் வாயில் விரலை வைத்து ‘உஷ்’ என்பாள். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள். தரை கூட்ட வந்தவள், பயமில்லாமல் கூண்டுக்குள் கை விட்டதைப் பார்த்துப் பராமரிப்பு வேலைக்கு மாற்றினார்கள். பாம்புகள் உரித்துப் போடும் சட்டைகளை நனைத்து நீவி, பழைய காலண்டர் தாள்களுக்கு நடுவே சேர்த்து வைப்பாள். ஊரெல்லாம் பீரோவில் துணி அடுக்கினால் எங்கள் அண்ணி பாம்புச்சட்டை அடுக்குகிறாள் என்று நாத்தனார் கேலி செய்வாள்.

அவள் உயிரையே வைத்திருந்தது செவப்பி மேல். தொடை கனத்தில், செங்கல் நிறத்தில் ஒரு குட்டைவால் மலைப்பாம்பு. வெகுகாலம் துணையில்லாமல் இருந்தவளுக்கு ஒருவழியாக வேறொரு காட்சிச்சாலையிலிருந்து ஆண் பாம்பு வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்தால், காப்பித்தூள் நிறம்.

“பொண்ணு செங்கல்லு, மாப்பிள்ளை காப்பித்தூளு. ஆள் மாறிப்போச்சு போல. நான் சாப்பிட்டு வரேன், திருப்பிக் கட்டி வைங்க” என்றார் வேன் ஓட்டுநர்.

அவள் பெட்டியை விட்டு நகரவில்லை. வகை மாறி இணை சேர்க்க அங்கே அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் அடுத்தது எப்போது வருமோ.

கால்நடை மருத்துவரம்மா நிறத்தை நம்பவில்லை. செவப்பி, குட்டைவால்களில் ரத்த மலைப்பாம்பு என்ற வகை. அதில் பழுப்பு நிறமும் உண்டு. கண்ணுக்கும் மேலுதட்டுச் செதில்களுக்கும் நடுவே ஒரு வரிசை சின்னச் செதில் இருந்தால் வந்தவனும் அதே வகை. உதட்டுச் செதில் கண்ணைத் தொட்டால் வேறு வகை, ஒன்றுவிட்ட சொந்தம்தான் என்றார்.

சொல்வது சுலபம். வந்தவனோ சுருளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குக்கர் மாதிரி சீறினான். பாம்பு பிடிக்கும் கொக்கி பட்டதும் பாய்ந்தான். இருவரும் பின்னால் தாவினார்கள். பயணத்தில் களைத்ததை அமுக்கிப் பிடிக்க மருத்துவருக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் பெட்டி மூலையில் ஈரமாய்ச் சுருண்டு கிடந்தது அவள் கண்ணில் பட்டது.

“டாக்டரம்மா, வழியிலேயே சட்டையைக் கழட்டிட்டாரு.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மருத்துவர் கேட்டதில்லை. கொக்கியால் மெல்ல இழுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்தாள். தலைப்பக்கம் கிழிந்தால் எல்லாம் போச்சு. விரல் நுனியால் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பரப்பினாள். பக்கத்தில் அவள் சேர்த்து வைத்திருந்த செவப்பியின் சட்டை. வெயில் ஊடுருவியதும் கண் இருந்த வட்டம் பளிச்சென்று தெரிந்தது. இருவரும் தலை முட்டக் குனிந்தார்கள். வட்டத்துக்குக் கீழே மணி கோத்தாற்போல் சின்னச் செதில்கள். செவப்பியுடையதிலும் அப்படியே.

“உதடு கண்ணைத் தொடலைம்மா.”

“தொடவே இல்லக்கா!”

ஓட்டுநர் பல் குத்திக்கொண்டே வந்து, பெட்டியைக் கட்டியாச்சா என்று சத்தமாகக் கேட்டார்.

உஷ் அக்கா வாயில் விரலை வைத்தாள்.

“மெதுவா பேசுங்க. மாப்பிள்ளை களைச்சிருக்காரு.”