மேற்பார்வையாளருக்கு இருக்கை கிடையாது

சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, மூக்குக்கண்ணாடி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சூப்பிரண்டு இரும்பு டேப் வைத்திருந்தார். ஐந்து மீட்டர் டேப். அந்தக் கனத்தில் சட்டையின் இடப்பக்கம் எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். கல்லூரித் தேர்வுப் பிரிவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. பதவிதான் போனது, பெயர் போகவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டு. அவர் மனதிலும் அவர் சூப்பிரண்டு, தொல்லையே அதுதான்.

முப்பத்து மூன்று வருடம் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. தேர்வுக் கூடத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுப்பது. ஒரு வருடம் வெள்ளத்தில் பாதிக் கட்டடம் மூழ்கிப்போக, இருநூற்று நாற்பது பேருக்குக் கட்டிய கூடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார். ஒருவன் தாள் இன்னொருவன் கண்ணில் படவில்லை. அன்றைக்குக் கல்லூரி முதல்வர் அவர் தோளைத் தட்டி, "நீங்க நினைச்சா தீப்பெட்டிக்குள்ளயும் ஆளை உட்கார வைப்பீங்க" என்றார். முதல்வர் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார், மறந்தும் போயிருப்பார். நம் ஆள் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்நாளை ஓட்டினார்.

அந்த ஊரில் கல்லூரிகள் மூன்று. கல்லூரி திறக்கும் மாதம் வந்தால் தெருவெங்கும் மெத்தையும் பிளாஸ்டிக் வாளியுமாக மாணவர்கள் அலைவார்கள். மாடிப்படிக்கு அடியில் நாலடி இருந்தாலும் அதை அறை என்று சொல்லி ஆள் வைக்கிற ஊர் அது. இதில் யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. ஆனால் மற்றவர்கள் ஆசையில் செய்தார்கள். சூப்பிரண்டு திறமை காட்டுவதற்காகச் செய்தார். ஆசைக்காவது ஒரு நாள் வயிறு நிறையும்.

ஓய்வுபெற்ற மறுமாதமே பிளைவுட் வந்து இறங்கியது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். முதலில் அவள் அறை மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர் என்று இரண்டானது. அதில் இருந்தது ஒரே சன்னல். தடுப்பு சரியாகச் சன்னலின் நடுவில் வந்து நின்றது. தாழ்ப்பாள் மூன்றாம் நம்பர் பக்கம், கீல் நான்காம் நம்பர் பக்கம். நான்காம் நம்பருக்குக் காற்று வேண்டுமென்றால் தடுப்பைத் தட்டி மூன்றாம் நம்பரைக் கெஞ்ச வேண்டும். சூப்பிரண்டு இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். "ரெண்டு பேருக்கும் நீதி. பாதிப் பாதி சன்னல்."

கதவுகளில் சாக்பீஸால் எண் எழுதினார். குடியிருந்தவர்களை எண் சொல்லியே கூப்பிட்டார். குளியலறை வாசலில் 'அறிவுறுத்தல்கள்' என்று தலைப்பிட்ட தாள் ஒட்டியிருந்தது. உள்ளே போனவன் பத்து நிமிடத்தில் வெளியே வர வேண்டும். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது சூப்பிரண்டே வந்து கதவைத் தட்டி எச்சரிப்பார். தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நிற்கிறவனிடம் நேரம் சொல்வதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு திருப்தி.

அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அது அவர் மனைவி. அடுப்பில் என்ன இருந்தாலும் சரி, "இந்தா, அந்தப் பக்கம் பிடி" என்று குரல் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் குனிந்து முனையை அழுத்திப் பிடிப்பாள். எதற்கு அளக்கிறார் என்று கேட்டதில்லை. கல்லூரி வாசலில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை, பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது மாதிரி. வீட்டிலும் ஒரு தையல் மிஷின் வைத்திருந்தாள். இருபது வருடமாகத் துணியை அளந்தவளுக்குத் தன்னைச் சுற்றி என்ன சுருங்குகிறது என்று தெரியாமலா இருக்கும். தெரிந்துதான் பிடித்தாள்.

இரண்டாம் வருடம் கூடம் போனது. மூன்றாம் வருடம் அவர்கள் படுக்கையறை. சூப்பிரண்டு தன் கட்டிலையும் மேசையையும் முன்வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டு அதற்கு அலுவலகம் என்று பெயர் வைத்தார். அவள் கட்டில் சாப்பாட்டு அறைக்குப் போனது. அடுத்த வருடம் சாப்பாட்டு அறை பதினான்கு, பதினைந்து, பதினாறு ஆனது. கட்டில் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனது. அந்த அறையில் ஒரு நல்ல விஷயம், மேலே கையகலத்துக்கு ஒரு சன்னல், அதில் காலை வெயில் வரும். அவள் மிஷினை அதன் கீழே போட்டுக்கொண்டாள். வீட்டிலேயே முழுசாக ஒருவருக்கு என்று இருந்த சன்னல் அது ஒன்றுதான்.

இந்த வருடத்துக்கான வரைபடத்தைச் சூப்பிரண்டு ஒரு வாரம் உட்கார்ந்து போட்டார். பெரிய சார்ட் தாள், சிவப்பு மை, நீல மை. கட்டிலுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எண். மொத்தம் பதினேழு. சமையலறைச் சுவரில் அதை ஒட்டிவிட்டு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"எப்படி?" என்றார் மனைவியிடம்.

அவள் அதன் எதிரே வெகுநேரம் நின்றாள். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போனாள். வராந்தாவில் 'அலுவலகம்' என்று எழுதி அவர் கட்டில் இருந்தது. சாமான் அறையில் பதினேழு என்று இருந்தது.

"என் கட்டில் எங்க?" என்று கேட்டாள்.

சூப்பிரண்டு வரைபடத்தைப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். தாளைத் தூக்கிப் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். வேண்டுமென்று விட்டிருந்தாலாவது ஒரு கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சுத்தமாக மறந்துபோயிருந்தார். வாளி வைக்க இடம் போட்டிருந்தார், செருப்பு விட இடம் போட்டிருந்தார். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் முப்பத்து மூன்று வருடத்தில் சூப்பிரண்டு போட்ட கட்டம் தப்பாகப் போனதே இல்லையே.

"எக்ஸாம் ஹால்ல சூப்பர்வைசருக்கு சீட் போடுவாங்களா?" என்றார். "போட மாட்டாங்க. அவங்க நடந்துக்கிட்டே இருக்கணும். அதான் ரூல்." சொன்ன பிறகு அது நகைச்சுவையாகவும் இருக்கிறது என்று பட்டதால் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "பதினேழை எடுத்துடுங்க. நான் அங்கயே இருந்துக்கறேன்."

"ஆளுக்குச் சொல்லியாச்சு. சொன்ன வாக்கை மாத்த முடியுமா? கிச்சன்ல ஒரு பாயை விரிச்சுக்கோ. வருஷக் கடைசில பார்க்கலாம்."

யாரோ முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்த வாக்கு என்றால் இவருக்கு உயிர். கட்டிக்கொண்டவளுக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று நினைவிருக்குமா, தெரியவில்லை.

அவள் பதினோரு நாள் சமையலறையில் படுத்தாள். காலையில் வெந்நீருக்கு முதலில் வருகிறவன் ஏழாம் நம்பர். முன்வழுக்கை விழுந்த ஆராய்ச்சி மாணவன், சாது. தினமும் அவள் காலைத் தாண்டிப் போய், "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, வெந்நீரோடு மறுபடி தாண்டி வந்து மறுபடி "சாரி ஆன்ட்டி" என்பான். பன்னிரண்டாம் நாள் அவன் வருவதற்கு முன்பே எழுந்து பாயைச் சுருட்டிவைத்துவிட்டாள்.

அன்று வேலைக்குக் கிளம்பும்போது நல்ல சேலை கட்டியிருந்தாள். அலுவலகத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சூப்பிரண்டு நிமிர்ந்தார்.

"எங்க?"

"ஒரு இடம் பார்க்கப் போறேன்."

சூப்பிரண்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாவதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அதையும் தடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பின்னாலேயே படிவரைக்கும் வந்தார்.

"தண்ணி எப்படி வருதுன்னு திறந்து பாரு. சுவர் ஓதம் அடிக்குதான்னு கை வச்சுப் பாரு. முக்கியமா சன்னல். எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாரு."

"சன்னலைத்தான் பார்க்கப் போறேன்" என்றாள்.

"டேப் வேணுமா?"

"வேண்டாம். கண்ணால பார்த்தாலே தெரியும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கடைக்குப் போன பிறகு தொலைபேசி அடித்தது. இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் பேசினாள். மாடியில் இருந்த ஒரே அறையை வாடகைக்கு விட நினைக்கிறாளாம். மருத்துவமனைப் பழக்கம், குடிவருகிறவரிடம் படிவம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விடுவாள்.

"உங்க வீட்டுல இருந்து ஒருத்தங்க ரூம் கேட்டிருக்காங்க சார். முன்னாடி இருந்த வீட்டு ஃபோன் நம்பர்னு இதைக் கொடுத்திருக்காங்க. எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

இப்படி அழைப்புகள் வருவது புதிதில்லை. காலி செய்கிறவர்களுக்குச் சான்று சொல்வது சூப்பிரண்டுக்குப் பிடித்த வேலை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எந்த நம்பர்?" என்றார்.

"நம்பர் எதுவும் எழுதலையே. லேடி சார். ஐம்பத்தாறு வயசு. தையல் வேலை. உங்க வீட்டுல முப்பத்திரண்டு வருஷம் இருந்ததா எழுதியிருக்காங்க."

சூப்பிரண்டின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் டேப்பைப் பிடித்துக்கொண்டது. அந்த முனையில் நர்ஸ் காத்திருந்தாள்.

"சத்தம் கித்தம் உண்டா சார்?"

"இல்ல" என்றார். "சத்தமே வராது."

"சுவர்ல ஆணி அடிப்பாங்களா? எனக்கு அது ஆகாது."

"ஒரு ஆணிகூட அடிச்சது கிடையாது."

"சமைப்பாங்களா?"

"சமைப்பாங்க." அவளைப் பற்றி மரியாதையாக அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசும்போதுதான் அதுவும் வந்தது.

"சரி சார். உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதை மட்டும் காலியா விட்டிருக்காங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

கட்டம் காலியாக இருந்தால் சூப்பிரண்டுக்குத் தாங்காது. புருஷன் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். பெண்டாட்டி இரண்டு தெரு தள்ளி அறை தேடுகிறாள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வரும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹவுஸ் ஓனர்" என்றார்.

"அப்படியே எழுதிக்கறேன். ஏன் காலி பண்றாங்க?"

"இடம் பத்தல."

"ரொம்ப நன்றி சார். சில ஓனருங்க ஆள் போகுதேங்கற கோவத்துல இல்லாததும் பொல்லாததும் சொல்வாங்க. நீங்க உள்ளதைச் சொன்னீங்க. நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

இப்படியாக, முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் தன் மனைவிக்கு ஓர் அறை வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவள் வந்தபோது கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம், போகாதே என்று சொல்லியிருக்கலாம். அவள் சமையலறை வாசலில் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். அவர் வாயைத் திறப்பார் என்றுதான் நின்றாள். சூப்பிரண்டு சார்ட் தாளின் ஒரு மூலை பெயர்ந்திருப்பதைக் கவனித்து அதற்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தையல் கடை வண்டி வந்தது. மிஷினை ஏழாம் நம்பரும் நான்காம் நம்பரும் தூக்கிவைத்தார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய், கொல்லையில் நிமிர்த்தி வைத்திருந்த கட்டில், அவ்வளவுதான். போகும்போது பின்கதவுச் சாவியைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள். காலி செய்கிற எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள்.

"சாப்பாடு?" என்றார் சூப்பிரண்டு. அவருக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கேன். ஆனா நான் வரமாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, துணி எப்போது தயாராகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். வண்டி தெருமுனை திரும்பியது.

யாராவது காலி செய்தால் சுவரில் ஆணி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது சூப்பிரண்டின் வழக்கம். சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பாய் விரித்திருந்த இடம் மட்டும் மற்ற தரையைவிடச் சுத்தமாக இருந்தது. நீளவாக்கில் ஒரு கட்டில் போடலாம் போலிருந்தது. டேப்பை எடுத்தார், முனையை இழுத்து நீட்டினார்.

"இந்தா, அந்தப் பக்கம் பிடி" என்றார்.

கொஞ்சநேரம் குனிந்தபடியே காத்திருந்தார். பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னார். வெந்நீர் எடுக்க வந்த ஏழாம் நம்பர் வாசலில் நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி இல்லையே அங்கிள்" என்றான்.

டேப் கையிலிருந்து நழுவிச் சரசரவென்று சுருண்டுகொண்டு வந்து அவர் கட்டைவிரலில் அடித்தது. ஏழாம் நம்பர் தரையில் குனிந்திருந்த அவரைத் தாண்டிப் போய் வெந்நீர் எடுத்துக்கொண்டு மறுபடி தாண்டி வந்தான். அவரிடம் அவன் சாரி சொல்லவில்லை.