இருமல் நின்ற பிறகு

"காலையில எழுந்ததும் வாய் புளிக்குதாங்க?" என்று வேலூரில் அந்த டாக்டரம்மா கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள். இத்தனை வருட வைத்தியத்தில் யாருமே வாயைப் பற்றிக் கேட்டதில்லை. எல்லோரும் நெஞ்சைத்தான் தட்டிப் பார்த்தார்கள். "புளிக்குதுங்க. எல்லாருக்கும் புளிக்குமே, அதுகூடவா ஒரு நோவு?" என்றாள், கம்மிப்போன அந்தக் குரலில். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில்தான், ஒரு வீட்டையே இரண்டாகப் பிரித்த நோய்க்கு முதன்முதலாக ஒரு சரியான பெயர் கிடைக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. மகிழ்ச்சியாக இருந்தது. வெறும் மகிழ்ச்சி. அதற்குப் பின்னால் என்ன நின்றுகொண்டிருந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அக்கா ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். பாவு பிணைக்கப் போவாள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று தீர்ந்ததும் அதன் நுனிகளோடு புதுப் பாவின் பட்டிழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிடுகிற வேலை. குனிந்த தலை நிமிராது. பிணைக்க உட்கார்ந்தவர்கள் நடுவில் சோற்றுக்கு எழுந்திருப்பதில்லை. எழுந்தால் கை வாகு போய்விடும் என்பார்கள். வெறும் வயிற்றில் டீ, மறுபடி டீ. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து, குழம்பும் சோறுமாக ஒரே வேளையில் நாள் முழுவதற்குமாகச் சாப்பிட்டு, இடுப்பு கழன்றவள்போல அப்படியே பாயில் சாய்வாள். சாய்ந்த கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கும். வறட்டு இருமல். வெறுந்தறியை யாரோ விடாமல் அடிப்பதுபோல.

சாம்பல்தான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள் முதலில். சில மாதம் வேலைக்கே போகாமல் இருந்து பார்த்தாள். சாம்பல் போயிற்று, இருமல் போகவில்லை. ஆஸ்துமா என்று ஒருவர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். அப்புறம் அந்தச் சொல் வந்தது, மெதுவாக, சமையலறைப் பக்கமிருந்து. காசம். சளியைப் பரிசோதித்ததில் இல்லை என்று வந்தது. மறுபடி பார்த்தும் இல்லை. "காகிதத்துக்கு இன்னா தெரியும்? இருமல் நிக்கலியே" என்றார் அவள் மாமியார். கெட்ட மனுஷி அல்ல அவர். காசத்தில் தம்பியைத் தூக்கிக்கொடுத்தவர். பேத்தியைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். அக்காவுக்குத் தனித் தட்டு வந்தது, தனி டம்ளர் வந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த அவள் மகளைச் சேவூரில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாத்தனாருக்குப் பிள்ளைகள் இல்லை. "கொஞ்ச நாளு இருக்கட்டும் அண்ணி, ஒடம்பு தேறினதும் இட்டுகினு போங்க" என்றாள். சேவூர் என்ன தூரம், டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும். ஆனால் குழந்தைக்கு ஊரைவிடப் பெரிய தூரம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மா வந்தால் வாசல்படியோடு நின்று பேசு. கிட்டப் போகாதே. முகத்தைத் திருப்பிக்கொள். அது கெட்டிக்காரக் குழந்தை. சொன்னதைச் சரியாகக் கற்றுக்கொண்டது. அக்காவும் தள்ளி நின்றே பேசிவிட்டு வருவாள். வரும் வழியில் பஸ்ஸில் இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோவார். "பார்றா, பஸ்ல எனக்கு மட்டும் எப்பவும் சீட்டு கெடைக்குது" என்பாள் என்னிடம்.

இருமல் வருஷக்கணக்கில் நீண்டது. குரலும் போன பிறகுதான் வேலூருக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா மெல்லிய குழாயில் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தார். உள்ளே சிவந்து வீங்கியிருந்தது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு தளர்ந்து, படுத்ததும் வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையைச் சுடுகிறது என்றார். நெஞ்செரிச்சலே இல்லையே என்றேன். சிலருக்கு நெஞ்சு எரியாது, இருமல் மட்டும்தான் வரும் என்றார். "இது யாருக்கும் ஒட்டாதுங்க" என்று அவர் சொன்னபோது அக்கா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார்.

காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை. மதியம் கட்டாயம் சாப்பிட வேண்டும். இரவுச் சாப்பாடு கொஞ்சமாக, படுப்பதற்கு வெகுநேரம் முன்பே. டீயைக் குறைக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல். "எனக்கு ஒடம்புக்கு வந்தா கட்டிலுக்கு வைத்தியம் பண்றாங்க" என்று சிரித்தாலும் ஒன்றையும் தவறவிடவில்லை. மதியம் எழுந்தபோது ஒரு தறிக்காரர், "இன்னாம்மா, பாவு பாதியில கெடக்குது, மகாராணி சோத்துக்குக் கெளம்பிட்டியா?" என்றாராம். "பாவு கெடந்தா கெடக்கட்டுங்க. என் பொண்ணு வீட்டுக்கு வரணும்" என்றாளாம் இவள். எல்லாருக்கும் வயிற்றுக்காக மருந்து; அவளுக்கு மட்டும் மகளுக்காக.

மெல்லத்தான் குறைந்தது. இருமாமல் ஒரு மாதம் போனதும் என்னையும் கூட்டிக்கொண்டு சேவூர் போனாள். மகள் அப்போது பாவாடை தாவணிக்கு வளர்ந்திருந்தாள். "எனக்கு அது இல்ல கண்ணு. வயித்துப் புளிப்புதான் மேல ஏறிகினு இருந்துதாம். ஒட்டாதாம், டாக்டரம்மாவே சொன்னாங்க." மகள் "சந்தோஷம்மா" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அக்கா அவள் கன்னத்தைத் தொட இரண்டு கைகளையும் நீட்டினாள். பெண் நகரவில்லை, மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. பரீட்சை லீவுக்கு ஆரணிக்கு வந்தவள் தூக்கமில்லாமல் புரண்டாள். பேஜாரா இருக்குது, அத்தை வீட்டுக்குப் போறேன் என்று திரும்பிவிட்டாள். அப்படியே வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமும் ஆயிற்று.

போன மாதம் அவளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. அக்கா ஓர் அறைக்கு வெள்ளையடித்து, பழைய நூல் புடவைகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணியாக அடுக்கி வைத்திருந்தாள். அழைத்துவரும் வேனில் டிரைவர் ஆரணிக்குள் எந்தத் தெரு என்று கேட்டார். முன் சீட்டிலிருந்து மகள், "சேவூர்லயே நிறுத்திடுங்கண்ணே" என்றாள். பிறகு திரும்பி, "அங்கதாம்மா எனக்குத் தூக்கம் வரும். தப்பா நெனச்சுக்காத." "இதுல இன்னா தப்பு, பழகின எடம்" என்றாள் அக்கா. அவள் குரல் இப்போது மணிபோல இருக்கிறது. ஒரு கம்மல் இல்லை. சேவூரில் நாத்தனார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள்.

மறுநாள் காலை அக்கா துணிகளையெல்லாம் ஒரு பையில் அடுக்கி என் கையில் கொடுத்தாள். நீயும் வா என்றேன்.

"வேணாம்டா. நீயே குடுத்துட்டு வா. நான் போனா, விருந்தாளி வந்த மாதிரி எழுந்து உக்காருவா. மாசமா இருக்கிறவ. படுத்துகினு இருக்கட்டும்."