அண்ணன் நிறைத்து வைத்த பேட்டரிகள்

ரிமோட்டில் ஓட்டும் குட்டிக் காருக்குப் பேட்டரி வாங்கப் போனால் அண்ணன் முதலில் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பான். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, மெட்ராஸில் இறங்கி, கசகசவென்ற வெயிலில் அந்தக் கடையைத் தேடிப் போய் அவன் செய்யும் முதல் காரியம் இதுதான். கனமாக இருந்தால் நல்ல பேட்டரி என்பது அவன் கணக்கு. கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மோட்டாரு தாங்குற வோல்ட்டு இன்னான்னு பாருங்க, காருல சரியா உக்காருதான்னு பாருங்க, பிளக்கு சேருதான்னு பாருங்க. வெயிட்டு பாத்து வாங்க இது இன்னா தர்பூசா?" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னொன்றைத் தூக்கிப் பார்ப்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிக்கு சார்ஜ் போடும் அறையில் அவனுக்குக் காண்டிராக்ட் வேலை. அங்கே இருப்பதெல்லாம் ஆளால் அசைக்கக்கூட முடியாத ஈய பேட்டரிகள். ஷிஃப்ட் முடிந்து வண்டி வந்து நின்றதும் முழு சார்ஜ் ஏற்றி, தண்ணீர் பார்த்து ஊற்றி வைக்க வேண்டும். பாதியில் விட்டால் உள்ளே தகட்டில் வெள்ளை படிந்து பேட்டரி செத்துப்போகும். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளே வேறு. பக்கத்து ஊரான ஆரணிக்குப் போகும் வழியில் வறண்டு கிடக்கும் ஏரிக்குக் காரை எடுத்துப் போய்ப் புழுதி பறக்க ஓட்டுவான். "எங்க ஊட்டுக்காரரு சிரிச்சுப் பாக்கணும்னா ஏரிக்குத்தான் வரணும்" என்று அண்ணி டீ ஃபிளாஸ்க்கோடு கரையில் உட்கார்ந்து கேலி செய்வாள்.

ஓட்டாத நாட்களில் காரின் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. "பாதி வயித்தோட எவன்டா தூங்குவான்?" என்று எல்லாவற்றையும் முழுசாக ஏற்றித் தகரப் பெட்டியில் அடுக்கிவிடுவான். ஞாயிறு வந்தால் எடுத்த எடுப்பில் ஓட வேண்டும், அவ்வளவுதான். வாராவாரம் ஓட்டியவரை ஒன்றும் ஆகவில்லை. ஒரு கோடையில் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்து ஞாயிறும் வேலைக்கு வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் காண்டிராக்டர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அடுத்த வாரம் ஓட்டலாம், அடுத்த வாரம் ஓட்டலாம் என்று சித்திரை போய் வைகாசியும் வந்துவிட்டது. சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, பரண்மேல், அந்தப் பெட்டி அனலில் கிடந்தது.

அண்ணிதான் எதையோ தேடப் போய் அதைத் திறந்தாள். அத்தனை பேட்டரிகளும் பூரி மாதிரி உப்பியிருந்தன. நாங்கள் எல்லோரும் படுக்கும் இடத்துக்கு நேர்மேலே. அண்ணி கத்தவில்லை. அண்ணன் வந்ததும், "பத்திக்கினு இருந்தா இன்னா பண்ணியிருப்போம்?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் போய், கொல்லையில் மணல் வாளிக்குள் வைத்தான். "நானா ஓட்ட மாட்டேன்னேன்? வுட்டாத்தானே" என்று வாளியைப் பார்த்துச் சொன்னான். ஞாயிறு லீவு திரும்பக் கிடைக்கட்டும், அப்புறம் புதுசு வாங்கலாம் என்றான்.

கிடைக்கவில்லை. வருடங்கள் அப்படியே ஓடின. போன வருடம் கம்பெனியில் வண்டிகளையே மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்ததில் இருப்பது லித்தியம் பேட்டரி, அண்ணனின் கார் பேட்டரிக்குப் பெரியப்பா முறை. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தனி அறை வேண்டாம். டீ குடிக்கப் போகும்போது டிரைவரே பிளக்கைச் சொருகிவிட்டுப் போகிறார். சார்ஜ் போட ஆள் எதற்கு? வேறு கம்பெனியில் சொல்லிவைக்கிறேன் என்றார் காண்டிராக்டர். அதோடு சரி.

போன வாரம் நானே மெட்ராஸுக்குப் போய், வோல்ட்டும் பிளக்கும் பார்த்து ஒரு பேட்டரி வாங்கி வந்தேன். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஷேவ் செய்து நாளாகியிருந்தது. பேட்டரியை அவன் மடியில் வைத்து, "ஞாயித்துக்கெழம ஏரிக்குப் போலாமாண்ணா?" என்றேன்.

"இன்னிக்கு இன்னா கெழமடா?"

"புதன்."

"வேல இருந்தாத்தான்டா ஞாயித்துக்கெழம" என்று சொல்லிப் பேட்டரியை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.