எட்டு மணி நேரம் தள்ளி வீசிய காற்று

கணினி மாதிரியில் சேர்க்கும் எல்லாத் தரவுகளும் ஒரே நேரக் கணக்கில் இருக்க வேண்டும். வேறு கணக்கில் இருப்பவற்றை மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். காற்று மாசைக் கணினியில் கணிப்பவர்களுக்கான வழிகாட்டியில் இப்படி ஒரு விதி உண்டு. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். காலை முழுவதும் விவாதித்தோம். மதியம் பிரியாணி வந்தது. அதன் பிறகு விதி ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதாக நிறைவேறிய விதிகளை யாரும் திரும்பப் படிப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானும் மறந்துபோனேன்.

சிங்கப்பூர் விமான நிலையத்துக்கு அருகே, பிடோக்கில் ஒரு வீடு விலைக்கு வந்தபோதுதான் அது மறுபடி நினைவுக்கு வந்தது.

எங்கள் மகள் அங்கே பத்தாவது மாடியில் இருக்கிறாள். அதே பிளாக்கில், அவளுக்கு மூன்று மாடி கீழே, முன்பு துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் இருந்தார். வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலில் கட்டி முடியப்போகும் புது வீட்டில் மகனோடு சேரப்போவதாகச் சொன்னார். செய்தியைக் கேட்ட அன்றே என் மனைவி மனத்தளவில் குடிபோய்விட்டாள். மகள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாமல் அவளால் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தேக்கா சந்தையை விட்டுப் போக வேண்டுமே என்று நான்தான் யோசித்தேன். "மீனு எல்லா ஊர்லயும் கெடைக்கும்," என்று அந்தப் பிரச்சினையை முடித்துவைத்தாள்.

அப்போது அந்த மேப் வந்தது.

விமான நிலைய விரிவாக்கத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் ஆய்வு செய்து, அறிக்கையைப் பொதுமக்கள் கருத்துக்கு விட்டிருந்தது. ஓடுபாதையில் நிற்கும், ஏறும், இறங்கும் விமானங்களின் புகை எங்கே எவ்வளவு படியும் என்று கணினி போட்ட படம் அது. ஓடுபாதையைச் சுற்றிக் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள். மகளின் பிளாக் சிவப்பில் இருந்தது. படம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி அவளிடமும் வந்துவிட்டது.

"அப்பா, அம்மாவுக்கு வீசிங் இருக்கு. இந்த ஏரியால வந்து இருக்க வேணாம்லா," என்றாள் தொலைபேசியில்.

"நீ இருக்கியே?"

"நான் லோன் போட்டுட்டேன்பா. எனக்கு வேற சாய்ஸ் இல்ல."

மனைவிக்கு இளைப்பு இருப்பது உண்மை. மழைக்காலத்தில் இரவு உட்கார்ந்தபடியே தூங்குவாள். மருத்துவர் புகை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் சொன்னதை அவளிடம் சொன்னேன். குடிபோகும்போது எடுத்துப்போக வாங்கிவைத்த புது இட்லிச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

நான் முழு அறிக்கையையும் இறக்கிப் படித்தேன். இந்த வேலையில் இருந்தவர்கள் முன்னுரையைப் படிக்க மாட்டார்கள், பின்னிணைப்பில்தான் தொடங்குவார்கள். அங்கே, ஒரு நாளின் எந்த மணியில் மாசு எவ்வளவு என்று ஒரு வரைபடம் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு உச்சம். விடியற்காலையில் அடிமட்டம்.

இது தலைகீழ். மதிய வெயிலில் தரை சூடேறிக் காற்று மேலெழுந்து கலங்கும். புகையும் அதோடு போய் நீர்த்துவிடும். இரவில்தான் காற்று அசையாமல் படுத்திருக்கும். விட்ட புகை விட்ட இடத்திலேயே கிடக்கும். இவர்களுடைய மாதிரியில் நட்டநடு மதியம் காற்று தூங்கிக்கொண்டிருந்தது.

காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. விமான அட்டவணை சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது. வானிலைத் தரவு வெளிநாட்டிலிருந்து தயார்நிலையில் வாங்கியது. கிரீன்விச் நேரத்தில் இருந்தது. இரண்டுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். யாரும் மாற்றவில்லை. இரவு பத்து மணிக் காற்றை அழைத்துவந்து மதியம் இரண்டு மணி விமானங்களுக்கு அடியில் உட்காரவைத்திருந்தார்கள். கணினி மறுப்புச் சொல்லவில்லை. அதற்கு வெயில் உறைக்காது.

மனைவியிடம் சொன்னேன். "அப்ப சட்டிய எறக்கவா?" என்றாள்.

"வேணாம். கணக்கு தப்புன்னுதான் தெரியும். சரியான கணக்கு என்ன சொல்லும்னு தெரியாது."

அது மெய்தான். மதியக் காற்றைத் திருத்தினால் அந்த நேர மாசு குறையும். ஆனால் இரவு விமானங்களுக்கு உண்மையான இரவுக் காற்று கிடைக்கும், அங்கே கூடலாம். மொத்தத்தில் பிளாக் சிவப்பிலேயே நின்றாலும் நிற்கும். அந்த வீட்டுக்குப் போக ஆசை இருந்ததால்தான் பிழை என் கண்ணில் பட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அவளுடைய நுரையீரலை வைத்து ஊகம் செய்ய எனக்கு மனமில்லை. மாதிரியை மறுபடி ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்று எழுதினேன்.

கருத்துப் பக்கத்தில் மூன்று பிரிவுகள்: இரைச்சல், போக்குவரத்து, மற்றவை. காற்று மாசு ஆய்வைப் பற்றிய கருத்து 'மற்றவை'யில் போனது. விதியின் எண்ணையும், பின்னிணைப்பின் பக்கத்தையும் குறிப்பிட்டேன். கிடைத்தது, நன்றி என்று இயந்திரம் உடனே பதில் அனுப்பியது. அதன் பிறகு மனிதர்கள் யாரும் எழுதவில்லை. நினைவூட்டினேன். மறுபடியும் இயந்திரம் நன்றி சொன்னது. மூன்றாம் முறை, என் காலத்தில் எல்லாரும் பயந்த வாக்கியத்தைச் சேர்த்தேன்: இக்கடிதத்தின் நகல் மேலிடத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது. உடனே ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உங்க ஃபீட்பேக் டெக்னிக்கல் டீமுக்குப் போயிருக்கு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"முதல்ல யாரும் நம்பல சார். அப்புறம் ரொம்ப சைலண்ட் ஆயிட்டாங்க."

"அது நல்ல அறிகுறிம்மா."

"நீங்க ரிட்டயர்ட் ஆபீசரா சார்? எங்களுக்கு நீளமா எழுதுறவங்க எல்லாம் அவங்கதான்."

மாதிரியை மறுபடி ஓட்டுகிறார்கள் என்றார். எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் கார்த்திகை முடிய வந்தது. மார்கழியில் வீட்டுக்காகக் கையெழுத்துப் போட என் மனைவி ஒப்பமாட்டாள்; குடிபோவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாயிடம் அதைச் சொல்லப் போனேன். வேறு யாரோ இரண்டு பேர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இருங்கண்ணே," என்றார். "உங்க மார்கழி வருதா, எங்க பொங்கோல் சாவி வருதான்னு பாப்போம். சாவி முந்துனா வேற ஆளுக்குக் குடுத்துருவேன், மார்கழி முந்துனா தை வரைக்கும் பொறுக்குறேன்."

பதில் ஒரு காலையில் வந்தது. நேரக் கணக்கில் முரண்பாடு இருந்ததாகவும், அது களையப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். யார் செய்த முரண்பாடு என்று எழுதவில்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். கூடவே புதிய படம். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சிவப்பு ஓடுபாதைப் பக்கமே சுருங்கிப் போயிருந்தது. இரவு மாசு கொஞ்சம் கூடித்தான் இருந்தது. ஆனாலும் மகளின் பிளாக் மஞ்சளுக்கும் வெளியே, நிறமே பூசாத வெள்ளையில் நின்றது. கீழே சின்ன எழுத்தில், எல்லா நேரங்களும் சிங்கப்பூர் நேரம் என்று ஒரு குறிப்பைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

மகளுக்கு அனுப்பினேன். அழுகிற முகம் ஒன்றும் சிரிக்கிற முகம் ஒன்றும் வந்தன. மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டு வாசல்ல பஸ்ஸு விடுற பொகைக்கு மேப்பு இருக்கா?"

"யாரும் போடல."

"நல்லவேளை. இத்தன வருஷம் நிம்மதியா இருந்தோம்."

சொல்லிவிட்டு முக்காலியைப் போட்டுப் பரணில் ஏறப் போனாள். நான் தடுத்து, இட்லிச் சட்டியை நானே இறக்கினேன். பாயைக் கூப்பிட்டேன். பொங்கோல் சாவி இன்னும் வரவில்லை என்றார். வந்தாலும் தை வரைக்கும் வீட்டை வேறு யாருக்கும் காட்டப்போவதில்லை என்றார். தை என்றதும்தான் அன்றைய தேதி எனக்கு உறைத்தது, ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கவில்லை. மனைவி அதற்குள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டிருந்தாள். பதில் வந்த தேதி டிசம்பர் பதினாறு, மார்கழி முதல் நாள்.