வலப்பக்கம் பை வைத்த கோட்டு

ஒரு தையற்காரரின் பிழைப்பை நான் கெடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை அவர் எழுதியதாக ஊர் சந்தேகப்பட்டது. என்னிடம் நேராக வந்து கேட்ட மனிதரிடம், அந்தச் சந்தேகம் உறுதிப்படும்படி ஒரு வாக்கியம் சொன்னேன். அதை யோசித்துத்தான் சொன்னேன்.

எண்பதுகளில் காரிமங்கலத்தில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சிரிக்கத் தெரியாத மனிதன் என்று பெயர் எடுத்திருந்தேன். அதே வருடங்களில் ஒரு வார இதழில் புனைபெயரில் நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதிவந்தேன். என் மனைவிக்கும், தர்மபுரியில் இருந்த மைத்துனருக்கும் மட்டும்தான் அது தெரியும். தர்மபுரிக்குப் போகிற நாளில் அங்கேயே தபாலில் சேர்ப்பேன். சன்மானம் மைத்துனர் வீட்டுக்கு வரும். அனுமதி வாங்காமல் எழுதும் அரசாங்க ஊழியன் என்ற பயம் ஒன்று. பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அப்புறம் வகுப்பு என் கையில் நிற்காது என்ற பயம் அதைவிடப் பெரியது.

கடைத்தெருவில் ஒரு பாய் தையற்கடை வைத்திருந்தார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தைப்பார். ஊரில் பாதி ரவிக்கைகள் அவர் கையில் தைத்தவைதான். வார இதழ் வந்ததும் முதலில் அவர் கடைக்குப் போகும். நடுப்பக்கத்தில் என் கட்டுரை இருக்கும். மிஷினை நிறுத்திவிட்டு அதைச் சத்தமாக வாசிப்பார். காத்திருப்பவர்கள், எதிர்க்கடைக்காரர்கள், சந்தைக்கு வந்த விவசாயிகள் எல்லாரும் கேட்பார்கள். நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். வீட்டில் இடம் நெருக்கடி என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அது பொய். என் எழுத்தைக் கேட்கத்தான் போனேன்.

எழுதக் கற்றுக்கொண்டதே அந்தப் பெஞ்சில்தான். அவர் மூச்சு முட்டிய இடத்தில் அடுத்த முறை வாக்கியத்தைச் சுருக்கினேன். அவர் தடுமாறிய சொல்லை மறுபடி தொடவில்லை. நகைச்சுவையைக் கடைசி வரியில் வைத்தால் கேட்பவர்கள் அதற்காகக் காத்திருந்து ஏமாறுவதைப் பார்த்தேன். நடுவில், போகிற போக்கில் நழுவவிட்டால் யாராவது ஒருவர் முதலில் சிரித்து மற்றவர்களை இழுத்தார். பெரிய விஷயங்களை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பொருள்களைப் பற்றியே எழுதினேன். வேண்டுமென்றே வேகமாக வைத்த சுவர்க்கடிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை. வீட்டில் ஆளுக்கு ஒரு கணக்காக அதிலிருந்து கழித்துக்கொண்டு, எல்லாருமே பஸ்ஸைத் தவறவிடுவார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒரு விவசாயி, "இந்த ஆளு எங்க வூட்டுக்குள்ள பூந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கான்" என்றார். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அந்தப் பெருமையிலேயே சந்தேகத்தின் விதை இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது யோசித்தபடி போனார்கள். இவன் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறான், நம் வீட்டுக் கடிகாரம் இவனுக்கு எப்படித் தெரியும்? எழுதுகிறவன் நம்ம பக்கத்து ஆள்தான் என்று பேச்சு கிளம்பியது. பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும் வெளியூர் ஆளை உற்றுப் பார்த்தார்கள். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். நிலமும் தோப்பும் உள்ளவர். இரண்டாவது மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்டுக்கொள்ளப் பெண் வீட்டார் நல்ல கோட்டுத் துணி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் கல்லூரியில் படிக்கும் மூன்றாவது மகனுக்கென்று பெட்டியில் வைத்துவிட்டு, மூத்தவனின் பழைய கோட்டைக் கொண்டுவந்திருந்தார். பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தால் புதுசாகத் தெரியும் என்பது அவர் திட்டம்.

பாய் கோட்டைப் புரட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "திருப்புனா நெஞ்சுப் பை வலது பக்கம் வந்துடும்ங்க. பட்டன் காஜாவை மூடிடலாம். பையை என்னாங்க பண்றது?" என்றார்.

"அது மேல ரோஜாப் பூ குத்திடலாம்."

"போட்டோவுல தெரியுமேங்க."

"போட்டோக்காரன் நெகடிவை மாத்திப் போட்டுட்டான்னு நெனச்சுக்குவாங்க. நீ தை பாய்."

பேசி முடித்த பிறகுதான் மண்டிக்காரர் என்னைக் கவனித்தார். பாய் சிரித்தபடி, சார் தாள் திருத்த உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் தெரியாது என்று அவரைச் சமாதானப்படுத்தினார். நான் தலை நிமிரவில்லை. சிவப்பு மையில் ஒரு கணக்கை அடித்துக்கொண்டிருந்தேன். அது சரியான விடை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

அந்தக் கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து அதை எழுதினேன். ஊரை மாற்றினேன், மாங்காயைப் புளி ஆக்கினேன். இவ்வளவு செய்தது போதும் என்று நினைத்தேன். ஆனால் வலப்பக்கப் பையையும், ரோஜாப் பூவையும், நெகடிவையும் விட மனம் வரவில்லை. அவை இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை.

இதழ் வந்த அன்று பெஞ்சில் இருந்தேன். பாய் வழக்கம்போல ஆரம்பித்தார். முதல் பத்தியிலேயே சிரிப்பு. கோட்டைப் பிரிக்கும் இடம் வந்ததும் அவர் குரல் மெதுவானது. நின்றுவிட்டார். இதழை மடித்து மிஷினுக்கு அடியில் வைத்து, "இந்த வாரம் நல்லா இல்லீங்க" என்றார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அது ஒரு கணம்தான். கண் அடுத்தவரிடம் போய்விட்டது.

அவர் நிறுத்தியதாலேயே எல்லாரும் அதைத் தேடி வாங்கி முழுவதும் படித்தார்கள். பிறகு ஊரில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும், சிரிக்கக் கூடாது. கல்யாண ஆல்பங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளைகளின் நெஞ்சுப் பை எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். மண்டிக்காரரின் சம்பந்தி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோவுக்கே வந்து, நெகடிவை மாற்றிப் போட்டாயா என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் தன் தொழிலுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று, சரியாகத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்தார். தலைப்பொங்கல் சீர்த் தட்டில் சம்பந்தி வீட்டார் மற்றவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட்டுத் துணியை மடித்து வைத்து அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த நாளே மண்டிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மரத்தடிக்கு அழைத்துப் போய் இதழைப் பிரித்துக் காட்டினார்.

"நீங்க படிச்சவரு, சொல்லுங்க. அன்னிக்குக் கடையில இருந்தது நானு, பாயி, நீங்க. நீங்க எழுதற ஆளு இல்ல. இது பாயி எழுத்துத்தான?"

இல்லை என்று ஒரு சொல் போதும். யார் என்று கேட்டிருப்பார். தெரியாது என்று சொல்லியாவது இருக்கலாம். நான் இதழை வாங்கிப் படிப்பதுபோல வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "படிக்கும்போது பாய் வாசிக்கற மாதிரியேதான் இருக்குதுங்க."

அது பொய்யில்லை. அந்த எழுத்து அவர் மூச்சுக்கு அளவெடுத்துத் தைத்தது. உண்மையை எடுத்தே ஒருவரை மாட்டிவிட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மண்டிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவர் சத்தம் போடவில்லை. வீடு வீடாகச் சொன்னார், அவ்வளவுதான். ஆண்கள் கோபப்பட்டார்கள், பெண்கள் பயந்துவிட்டார்கள். கோட்டை எழுதியவன் நாளைக்கு நம் அளவை எழுத மாட்டானா என்று கேட்டார்கள். ரவிக்கைத் துணிகள் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பஸ் ஏறின. தைக்கக் கொடுத்ததை வெட்டாமல் திருப்பி வாங்கிப் போனவர்களும் உண்டு. பாய் கடையில் பேச்சு நின்றுபோனது. உள்ளே வருபவர்கள் வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்கள்.

நான் தொடர்ந்து போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். அவர் டீ வாங்கிக் கொடுத்தால், எதற்காக வாங்கிக் கொடுக்கிறார் என்று யோசித்தேன். கொடுக்காவிட்டால் தெரிந்துவிட்டதோ என்று யோசித்தேன். ஒருநாள் அவர் தானாகவே பேசினார். எழுதியது ஸ்டூடியோக்காரர்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கேமரா வழியாகப் பையைப் பார்த்தவர் அவர். நெகடிவ் சாக்கை மண்டிக்காரரே அவரிடம் சொல்லிவைத்திருப்பார் என்பது பாயின் கணக்கு. இருவரும் வருடக்கணக்கில் மதியச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டவர்கள். அந்தப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. நான் அதையும் கேட்டுக்கொண்டு தாள் திருத்தினேன்.

பாயின் மனைவி வேலை கேட்டு வீடுகளுக்குப் போவதாக என் மனைவி வந்து சொன்ன அன்றுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மண்டிக்காரரிடம் போய் எழுதியது நான்தான் என்றேன். அவர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "பாயி மேல எரக்கப்பட்டுப் பழியைத் தூக்கிக்கறீங்க. நல்ல மனுசன் நீங்க. ஆனா ஒரு சிரிப்பு சிரிச்சு நாங்க பாத்ததில்லையே சார்" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. பாயே என்னை அனுப்பியிருக்கலாம் என்றும் அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்ததைக் கண்ணில் பார்த்தேன்.

அப்புறம் நான் செய்தது பைத்தியக்காரத்தனம். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தபோது எழுந்து நின்று, இது என் எழுத்து, கேளுங்கள் என்று கடிகாரக் கட்டுரையை வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தேற்றம் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு வரியாக ஒப்பித்தேன். பாய் வாசித்தபோது அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே வரிகள். முடித்ததும் ஒருவர் மரியாதையாக, "வுடுங்க சார், யாரு எழுதுனதுன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்றார். அதுவரை சந்தேகமாக இருந்தவர்களுக்கும் அன்று உறுதியாகிவிட்டது.

கடைசியாகத்தான் பாயிடம் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடம். அவர் நம்பினார். அன்று அவரும் மண்டிக்காரரும் பேசியதை வார்த்தை மாறாமல் சொன்னேன். மரத்தடியில் நான் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கோட்டு கெடக்குது சார். எழுதறவரு எழுதுவாரு. ஆனா வாராவாரம் நான் வாசிக்க வாசிக்கப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. ஒரு வாட்டிகூட சிரிக்கலியே நீங்க."

நான் அவரை அளந்துகொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே சொன்னதையே திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஸ்டூடியோக்காரர் பாயைப் பார்த்து, சாப்டியா என்று மட்டும் கேட்டார். அந்த ஒன்று மட்டும் சரியானது. நான் வெளியே வந்துவிட்டேன்.

மற்றது எதுவும் சரியாகவில்லை. தலைமையாசிரியரிடம் கெஞ்சிப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். பெற்றோர் துணியை வாங்கிக்கொண்டு வெளியில் தைத்துக்கொண்டார்கள். இதழாசிரியருக்கு எழுதி, என் சொந்தப் பெயரில் ஒரு விளக்கம் போடச் செய்தேன். வாத்தியார் தன் பெயரைப் பாய்க்கு இரவல் கொடுத்திருக்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. பள்ளியில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள், ஒரு ஊதிய உயர்வு நின்றது. அதில் எனக்கு நிம்மதிதான், பாய்க்கு ஒரு பயனும் இல்லை. அதோடு எழுதுவதை நிறுத்தினேன். அடுத்த வருடம் அவர் கடையை மூடிவிட்டுத் தர்மபுரியில் இன்னொருவர் கடையில் பீஸ் கணக்குக்குத் தைக்கப் போனார்.

ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். கூட்டம் நிறைந்த கடை. பாய் என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னார், குடும்பம் நலமா என்று விசாரித்தார். நான் யார் என்று கடை முதலாளி கேட்டதற்கு, "எங்க ஊரு வாத்தியாருங்க" என்றவர், கொஞ்சம் விட்டு, "நல்லா எழுதுவாருங்க" என்றும் சொன்னார்.

மன்னித்துச் சொன்னாரா, முதலாளியை எச்சரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகம் மிஷின் பக்கம் திரும்பியிருந்தது. முதலாளி அதுவரை ஒரு பெண்ணிடம் ரவிக்கை அளவைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தினார். நான் கிளம்பும்வரை மறுபடி ஆரம்பிக்கவில்லை.