சிவனேஸ்வரி அன்ரியும் தினமும் ஓடும் காரும்

சிவனேஸ்வரி அன்ரி காரை ஸ்ராட் பண்ணினால் சன்ஷைன் ரயில் கடவையில் ரயில் நின்று வழிவிடும். டியர் பார்க் பெற்றோல் செட்டில் நிலத்துக்கு அடியில் கிடக்கும் பெற்றோல் தானாகப் பொங்கி மேலே வரும். விக்ரோறியா மாநிலத்தின் மற்றக் கார்கள் எல்லாம் வெட்கப்பட்டுத் தத்தம் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். உலகம் தோன்றிய நாள்முதல் இப்படியொரு காரும் ஓடியதில்லை, இப்படியொரு சாரதியும் பிறந்ததில்லை.

இதை அன்ரி வாசித்தால் மூன்று தரம் துப்புவார். ஒன்றை வாயால் புகழ்ந்தால் அதற்குக் கேடு வரும், அதுதான் நாவூறு என்று நம்புகிற ஆள் அவர். பிள்ளை வடிவென்று யாராவது சொன்னால், "எங்கை, வெயிலிலை திரிஞ்சு கறுத்துப்போச்சு" என்பார். கறி நல்லாயிருக்கு என்றால், "உப்புக் கூடிப்போச்சு" என்பார். எங்கள் அம்மாவும் அப்படித்தான். ஆனால் அம்மாவின் கறியில் சிலவேளை உண்மையாகவே உப்புக் கூடியிருக்கும்.

அன்ரிக்கு நாற்பத்தொரு வயது. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் தாதியாகப் பயிற்சி எடுத்தவர். எழுபத்துமூன்று டிசம்பரில் புருசனோடு மெல்பேர்னுக்கு வந்தார். வேலை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது. கால் புண்ணுக்கு மருந்து கட்டுவார், இன்சுலின் ஊசி போடுவார், நடக்க ஏலாதவர்களைக் குளிக்க வார்ப்பார். ஒரு நாளைக்குப் பதினொரு வீடு, பன்னிரண்டு வீடு. சென் ஆல்பன்ஸில் மிசிஸ் போர்க் என்ற மால்டாக்காரி இருக்கிறார். ஆறு வருசமாக ஆறாத கால் புண். அன்ரி ஒரு நாள் பத்து நிமிடம் பிந்தினால் அவர் ரோட்டுக்கு வந்துவிடுவார், அந்தக் காலோடே.

அன்ரியின் புருசன் மகேந்திரராஜா அங்கிள். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தவர். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் திறந்தும் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். மற்ற நேரமெல்லாம் கராஜுக்குள் நின்றார். ஒரு பழைய வொக்ஸ்வாகனின் அடிச்சட்டத்தையும் என்ஜினையும் மட்டும் எடுத்து, அதற்குமேல் முப்பதுகளின் பந்தயக் கார் ஒன்றின் உருவத்தை பைபர்கிளாஸில் வார்த்து, மூன்று வருசத்தில் ஒரு காரைச் செய்து முடித்தார். நீண்ட மூக்கு, வெளியே துருத்திய இரண்டு விளக்கு, பக்கத்தில் தொங்கும் ஸ்பெயர் சில்லு, துணிக் கூரை. பொனட்டைத் திறந்தால் என்ஜின் இருக்காது. அது பின்னால் இருக்கும். முன்னால் அன்ரியின் மருந்துப் பெட்டி வைக்க அளவெடுத்த ஒரு பலகைத் தட்டு இருக்கும். கார் யாருக்காகச் செய்யப்பட்டது என்று அந்தத் தட்டைப் பார்த்தால் தெரியும்.

எழுபத்தேழு பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனம் முழுதும் அந்தக் காரைப் பார்க்க வந்தது. முழுதும் என்றால் பதினாறு குடும்பம். நான் அடுத்த வீடு. அன்ரியின் கடிதப் பெட்டிக்குள் தவளை விட்டவன், தெருவின் பால் போத்தல்களை எல்லாம் ஒரே வாசலில் அடுக்கி வைத்தவன் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பாற்ற ஐஸ் பெட்டிக்குமேல் ஏறி நின்று கத்தினேன்.

"இந்தக் கார் ஓடும்வரைக்கும் யமன் மகேந்திரராஜா அங்கிளுக்குக் கிட்ட வரமாட்டான்! வந்தாலும் பின்னாலை ஓடிப் பிடிக்க ஏலாது!"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கிளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்ரி மட்டும், "டேய் சிவமணி, வாயை மூடு" என்றார்.

ஒன்பதாம் நாள் அங்கிள் வேலையிடத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்னமே முடிந்துவிட்டது. செத்தவீட்டில் குசினிப் பக்கம் இரண்டு பெண்கள் கதைத்தது எனக்குக் கேட்டது. "எல்லாரும் அந்தக் காரிலை வாய் வைச்சதுதான்." யார் பெரிய வாய் வைத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

பெப்ரவரியில் வீட்டிலிருந்த மற்றக் கார், பழைய ஸ்ரேஷன் வாகன், படுத்துவிட்டது. அன்ரி அங்கிளின் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதில்தான் சிக்கல் வந்தது. காப்புறுதி அங்கிளின் பெயரில், ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காக ஓட்டும் கார் என்று எடுத்தது. மே மாதம் அதுவும் முடிந்தது. அன்ரியின் மேலாளர் கூப்பிட்டு, வேலைக்குத் தினமும் ஓட்டலாம் என்று எழுதிய முழுக் காப்புறுதி ஜூன் முப்பதாம் தேதிக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு கார் வேண்டும் என்றார். அன்ரியால் இரண்டு கார் வைத்திருக்க முடியாது. வேறு கார் வாங்குவதென்றால் இதை விற்க வேண்டும். எசெண்டனில் ஒருவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டுப் போயிருந்தார்.

அன்ரி கம்பனி கம்பனியாகத் தொலைபேசி எடுத்தார். எங்கள் வீட்டுத் தொலைபேசியில்தான் எடுத்தார். அதனால் நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"எந்த ஆண்டுக் கார்?"

"பார்ப்பதற்கு முப்பத்தாறு. செய்தது எழுபத்தாறு."

"செய்த கம்பனி?"

"கம்பனி இல்லை. என் கணவர்."

அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவதென்றால் தரலாம் என்பார்கள். அன்ரி தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்லுவார்: "என் நோயாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் புண் இருப்பதில்லை."

ஏழாவது கம்பனி, சரி, ஆளை அனுப்பிக் காரைப் பார்க்கிறோம் என்றது.

வந்தவர் திரு. லோரி. வயதான, மெலிந்த மனிதர், கையில் பலகையில் செருகிய படிவம். காரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "எவ்வளவு அழகு!" என்றார். உண்மையாகவே மனம் நிறைந்து சொன்னார்.

அன்ரியின் முகம் வெளுத்தது. "ஐயோ, அதொன்றுமில்லை" என்றார். "மழை பெய்தால் உள்ளே ஒழுகும்."

லோரி ஏதோ எழுதினார். "வேலைப்பாடு மிகத் திறம்."

"பிரேக் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும்."

எழுதினார். "கதவுகள் எவ்வளவு சரியாகப் பொருந்துகின்றன!"

"இறுகிப்போய்க் கிடக்குது. திறக்கிறது கஷ்டம்."

ஒன்றுகூட உண்மையில்லை. அந்தக் கார் ஒழுகாது, இழுக்காது, கதவு விரல் பட்டால் திறக்கும். கறியில் உப்புக் கூடிப்போச்சு என்கிற அதே வாய்தான் அது. ஆனால் லோரிக்கு அது தெரியாதே. பத்து நாளில் கடிதம் வந்தது. உரிமையாளரின் சொந்த வாக்குமூலப்படி பிரேக், கூரை, கதவு மூன்றும் குறைபாடுள்ளவை. தினசரிப் பாவனைக்குக் காப்புறுதி வழங்க முடியாது.

நான் வாசித்துவிட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அன்ரி கதிரையில் இருந்தபடி கடிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே ஒரு கடிதம் எழுதினாராம்: நான் சொன்னவை உண்மையல்ல, தயவுசெய்து இன்னொரு தரம் வந்து பாருங்கள். தன்னைப் பொய்க்காரி என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்தவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. லோரி ஜூன் இருபத்தெட்டாம் தேதி வருவதாகப் பதில் போட்டார். முந்தின நாள் மாலை அன்ரியின் குசினியில் ஒத்திகை.

"அன்ரி, நான் இப்ப வெள்ளைக்காரன். தொப்பி போட்டிருக்கிறன். 'என்ன வடிவான கார்!'"

"அதொண்டும் பெரிய..."

"பாத்தீங்களோ! திரும்பவும் துவங்கிறீங்கள். 'நல்ல கார்' எண்டு சொல்லுங்கோ. ரெண்டே ரெண்டு சொல்லு."

"வருகுதில்லையடா."

"பல்லுக் கொதியெண்டால் பல் டொக்டரிட்டை வாயைத் திறக்கிறீங்கள்தானே? அப்பிடித் திறவுங்கோ."

அன்ரி சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த கரண்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மூண்டு வருசம் அந்தக் கராஜுக்குள்ளை கிடந்தவர்" என்றார். "ஒவ்வொரு நாளும் சாப்பிடக் கூப்பிடப் போவன். கையாலை தடவித் தடவிக் காட்டுவார். 'எப்பிடியப்பா இருக்கு?' எண்டு கேப்பார். நான் என்ன சொல்லுவன் தெரியுமோ? 'இந்தப் பிளாஸ்டிக் சட்டியை எப்ப வெளியிலை எடுக்கப்போறியள்?' உள்ளுக்கை எனக்கு எவ்வளவு பெருமை. சொன்னால் நாவூறு பட்டிடும் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நான் சொல்லாமல் விட்டும் போயிட்டார்தானே."

வெள்ளைக்காரன் வேலையை விட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன். அவர் அதையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மறுநாள் காலை மழை. லோரி குடையோடு வந்தார். இந்தமுறை அவர் புகழவில்லை. படிவத்தை நிமிர்த்திக்கொண்டு நேரே கேட்டார்: "மேடம், இந்தக் காரைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அன்ரி வெள்ளைச் சீருடையில், மழைக்கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

"நல்ல கார்" என்றார். கொஞ்சம் நின்று, திரும்பவும், "மிக நல்ல கார். என் கணவர் மிகத் திறமாகச் செய்திருக்கிறார். இதைவிடத் திறமாக ஒருவராலும் செய்ய முடியாது" என்றார். அவர் முகம் லோரியைப் பார்த்து இருந்தது. சொன்னது லோரிக்கு இல்லை.

லோரி பக்கத்தில் ஏறிக்கொள்ள, அன்ரி பலறாட் ரோட்வரை ஓட்டிப்போய் வந்தார். இறங்கும்போது லோரி துணிக் கூரையின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிரேக்குக்கு ஒரு சரி போட்டார். கதவுக்கு ஒரு சரி. பிறகு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு குனிந்து சில்லுகளைப் பார்த்தார். முன் இடது சில்லுக்குமேல், மட்கார்டின் உட்பக்கத்தில் வெளிச்சம் நின்றது.

"இங்கே ஏதோ கறுப்பாகக் கசிந்திருக்கிறது" என்றார். "பிரேக் பக்கம்."

அது கசிவு இல்லை. அதை வைத்தவன் நான். சின்னப் பிள்ளைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதுபோல, பெப்ரவரியிலிருந்து கிழமைக்கு ஒருதரம், ஒருவருக்கும் தெரியாமல் கையை உள்ளே விட்டு வைத்துக்கொண்டு வந்தேன். மழையில் கழுவுப்பட்டால் திரும்ப வைப்பேன். இப்போது அந்தப் பொட்டே காரை விற்கப் பண்ணிவிடும் போல இருந்தது. வேலியைத் தாண்டி ஓடிப்போய்ச் சொல்ல நினைத்தேன். வேலியில் ஒரு காலை வைத்தேன், அதற்குள் பிந்திவிட்டது.

அன்ரி சீருடையோடு ஈரத்தில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். மணந்து பார்த்தார்.

"இது கசிவு இல்லை" என்றார். "துடைத்துப் பாருங்கள், திரும்ப வராது. எங்கள் ஆட்கள் அன்பு வைத்த பொருளில் ஒரு கறுப்பு அடையாளம் வைப்பார்கள். மற்றவர்களின் புகழ்ச்சி அதைத் தாக்காமல் இருக்க."

லோரி கைலேஞ்சியால் துடைத்தார். குழாயை அழுத்திப் பார்த்தார். காத்திருந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"நீங்களா வைத்தீர்கள்?"

"இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள்."

லோரி நிமிர்ந்து, அந்தக் கறுப்பு ஒட்டிய கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்படியானால் போன தடவை நீங்கள் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தானா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் அன்ரி. தமிழில்தான் சொன்னார். லோரிக்கு அது விளங்கியது.

காப்புறுதிப் பத்திரம் முப்பதாம் தேதி காலைத் தபாலில் வந்தது. பாவனை என்ற இடத்தில், வேலைக்கு, தினமும் என்று தட்டச்சில் அடித்திருந்தது. அன்ரி அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. மருந்துப் பெட்டி வைக்கிற பலகைத் தட்டுக்கு அடியில் வைத்துப் பொனட்டை மூடினார்.

வேலைக்குப் புறப்பட்டு, என்ஜினைப் போட்டுவிட்டு, எங்கள் வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"டேய், இஞ்சை வா."

போனேன்.

"உன்ர அங்கிளுக்கு நெஞ்சுக்குள்ளை மூண்டு குழாய் அடைச்சிருந்தது. டொக்டரின்ர கடதாசி என்னட்டை இருக்கு. நான் நேர்ஸ், எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டியிலை ஏறி நிண்டு கத்தி ஒருத்தரும் ஒருத்தரைக் கொல்ல ஏலாது. விளங்குதோ?"

"எனக்கேன் அன்ரி இதெல்லாம் சொல்லுறீங்கள்?" என்றேன். முகத்தை ஒன்றும் தெரியாதவன்போலத்தான் வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். "லோரி கண்ட அந்தக் கறுப்பை ஆர் வைச்சதெண்டு எனக்குத் தெரியாது."

அன்ரி கியரைப் போட்டார். பிறகு தலையை வெளியே நீட்டி என் காலைப் பார்த்தார்.

"உன்ர அம்மா சொல்லுறா, மாசத்துக்கு ஒரு டின் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் முடியுதாம்" என்றார். "பிறகேனடா உன்ர சப்பாத்து மட்டும் சாம்பல் நிறத்திலை கிடக்குது?"